துவர்ப்பைப் பிரிச்சு எடுத்த டீச்சர்

க்ரீன் டீன்னு சொன்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது? பாதிப் பேருக்கு டயட். மீதிப் பேருக்கு, சூப்பர் மார்க்கெட்ல ஆஃபர்ல வாங்கி ரெண்டே ரெண்டு பை போட்டுப் பார்த்துட்டு, கசக்குதுன்னு கிச்சன் ஷெல்ஃபுல ஓரமா வச்ச டப்பா. ஜிம்முக்குப் போற நண்பன் ஒருத்தன் மட்டும் அதை மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிப்பான்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு டீன்னா அது வேற விஷயம். பாய்லர் பக்கத்துல மாஸ்டர் நிப்பார். துணி வடிகட்டியில டஸ்ட் டீ, ஸ்ட்ராங்கா ஒரு டிகாஷன், மேல பால், சக்கரை, ரெண்டு ஆத்து. ஹார்பர்ல நைட் ஷிஃப்ட் முடிச்சவரும், மணலியில காலை ஷிஃப்டுக்குப் போறவரும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து குடிக்கிற டீ அது. அந்த டீயைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை எழுதல. ஆனா அதே இனச் செடியோட இலை ஜப்பான்ல பச்சையாவே காய்ஞ்சு, பாலும் சக்கரையும் இல்லாம, ஒரு இனிப்பும் லேசான துவர்ப்புமா கப்புல வருது. நாம போட்டா மட்டும் ஏன் வேப்பங்கொழுந்து மாதிரி ஆகுது?

இதுக்கான பதில்ல பெரும்பகுதி ஒருத்தரோட வாழ்க்கையில இருக்கு. அவர் பெயர் மிச்சியோ சுஜிமுரா. 2021 செப்டம்பர் 17 அன்னைக்கு கூகுள் டூடுல்ல ஒரு ஜப்பானியப் பெண் டீ கப்போடயும் லேப் சாமானோடயும் இருந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அவர்தான். அன்னைக்கு அவருக்கு 133-வது பிறந்த நாள்.

டீச்சரா ஆரம்பிச்சவர்

சுஜிமுரா பிறந்தது 1888-ல். ஊர், டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மாகாணத்துல இன்னைக்கு ஒகெகவா நகரம் இருக்கிற இடம். அந்தக் காலத்து ஜப்பான்ல ஒரு பொண்ணு நல்லா படிச்சா அவளுக்குத் திறந்திருந்த பெரிய கதவு ஒண்ணே ஒண்ணுதான்: ஆசிரியர் பயிற்சி. அவரும் அந்தக் கதவு வழியாத்தான் போனார். 1909-ல் டோக்கியோவில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை முடித்தார். அதுக்கு அப்புறம் டோக்கியோ பெண்கள் உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. 1913-ல் அங்கேயும் படிப்பை முடித்தார்.

அங்கே அவருக்கு கோனோ யாசுய் என்ற உயிரியலாளர் பாடம் எடுத்தார். பின்னாளில், 1927-ல், ஜப்பானில் அறிவியல் துறையில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண் இந்த யாசுய்தான். உங்களுக்கும் அப்படி ஒரு டீச்சர் இருந்திருப்பாங்க. சிலபஸை முடிக்கிறதோட நிக்காம, நீயே ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கலாம்னு மண்டைக்குள்ள ஒரு விதையைப் போட்டுட்டுப் போறவங்க. சுஜிமுராவுக்கு ஆராய்ச்சி ஆசை வந்தது அங்கேதான்.

ஆசை வந்தா போதுமா? ஜப்பானின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆண்களுக்காகவே இருந்த காலம் அது. 1913-ல் தொஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகம் மட்டும் முதல் முறையாக மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. நாடு முழுக்க அது பெரிய பேச்சானது. மற்ற இடங்களில் கதவு மூடியே இருந்தது. அதனால் சுஜிமுரா யோகோஹாமாவில் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். 1917-ல் சொந்த மாகாணமான சைதாமாவுக்கே திரும்பி, அங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கற்பித்தார். இப்படி ஏழு வருஷம் போச்சு.

இது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? கமலா சொஹோனி 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இடம் கேட்டபோது, பெண் என்பதால் சி.வி. ராமன் முதலில் மறுத்தார். அப்புறம் நிபந்தனைகளோட சேர்த்துக்கொண்டார். நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் ஏ. லலிதா எலக்ட்ரிக்கல் படிக்க வந்தது 1940 வாக்கில்தான். இன்னைக்கு உங்க கிளாஸ்ல பாதி பெஞ்சுல பொண்ணுங்க உட்கார்ந்திருக்கிறது ரொம்பப் பழைய பழக்கம் இல்ல.

சம்பளம் இல்லாத லேப்

1920-ல் சுஜிமுரா ஒரு முடிவு எடுத்தார். வயசு 30 தாண்டிடுச்சு. கையில் நிரந்தர வேலை இருக்கு. அதை விட்டுட்டு, ஜப்பானின் வட கோடியில் பனி கொட்டுற ஹொக்கைடோவுக்குக் கிளம்பினார். ஹொக்கைடோ இம்பீரியல் பல்கலைக்கழகம் அப்போ பெண்களை மாணவரா சேர்த்துக்காது. அதனால வேளாண் வேதியியல் துறையின் உணவு ஊட்டச்சத்து ஆய்வகத்தில் உதவியாளர் என்ற பெயரில் இடம் கிடைத்தது. சம்பளம் கிடையாது.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. ஸ்டைபண்ட் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு ரெண்டு மாசம் போறதுக்கே நாம எவ்வளவு யோசிக்கிறோம்! வீட்ல என்ன சொல்வாங்க, பஸ் பாஸுக்கு என்ன பண்றது, சர்ட்டிஃபிகேட்டாவது உருப்படியா குடுப்பாங்களா? அவருக்கு அங்கே டிகிரியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆய்வு செய்ய ஒரு மேஜையும், ஒரு தலைப்பும் மட்டும்தான். தலைப்பு பட்டுப்புழுவின் ஊட்டச்சத்து. கேட்கச் சாதாரணமா இருக்கும். ஆனா அந்தக் காலத்தில் ஜப்பானின் மிகப் பெரிய ஏற்றுமதியே பட்டுதான். ஒரு புழு எதைத் தின்னா நல்லா வளரும்ங்கிறது நாட்டோட வருமானப் பிரச்சினை.

1922-ல் அவர் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வேதியியல் ஆய்வகத்துக்கு மாறினார். தலைநகர், பெரிய பல்கலைக்கழகம். இனிமேல் எல்லாம் சரியாகும்னுதான் யாரும் நினைப்பாங்க.

1923 செப்டம்பர் 1, மதியம் 12 மணிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி, கான்டோ பகுதியை ஒரு பூகம்பம் உலுக்கியது. வீடுகளில் மதியச் சமையல் நடந்துகொண்டிருந்த நேரம். அடுப்பு நெருப்பு மர வீடுகளில் பற்றி, டோக்கியோவும் யோகோஹாமாவும் எரிந்தன. செத்தவங்க 1,00,000 பேருக்கு மேல. சுஜிமுரா வேலை பார்த்த ஆய்வகமும் அழிந்தது. மூணு வருஷ உழைப்புக்கு அப்புறம் திரும்பவும் ஜீரோ.

அடுத்த மாசமே, அக்டோபரில், அவர் ரிக்கென் என்ற ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1917-ல் தொடங்கிய நிறுவனம் அது. இன்னைக்கும் ஜப்பானின் முன்னணி ஆய்வு நிறுவனங்களில் ஒண்ணு. சேர்ந்தது ஆராய்ச்சி மாணவியாக. 35 வயசுல திரும்பவும் மாணவி.

கப்பல்காரன் நோயும் டீ இலையும்

ரிக்கெனில் அவருக்குக் கிடைத்த வழிகாட்டி உமெதாரோ சுசுகி. அரிசித் தவிட்டிலிருந்து பெரிபெரி நோயைத் தடுக்கிற பொருளை 1910-ல் பிரித்தவர் அவர். இன்னைக்கு நாம அதை வைட்டமின் பி1னு சொல்றோம். வைட்டமின்ங்கிற வார்த்தையே அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வந்தது. அதாவது சுஜிமுரா போய்ச் சேர்ந்தது அந்தத் துறை பிறந்த இடங்களில் ஒண்ணு.

துறைமுகம் பக்கத்துல இருக்கிற நமக்கு ஸ்கர்வி கதை சட்டுனு புரியும். பல மாசம் கடலில் இருந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வரும், பல் விழும், பழைய காயம்கூட திரும்பத் திறக்கும். எலுமிச்சையும் ஆரஞ்சும் குடுத்தா சரியாகும்னு 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் காட்டினார். ஆனா அந்தப் பழத்துக்குள்ள இருக்கிற பொருள் என்னன்னு 1924-லயும் யாருக்கும் தெரியாது. அதுக்கு வைட்டமின் சின்னு பெயர் மட்டும் வச்சிருந்தாங்க. யாரும் அதைத் தனியாப் பிரிச்சுப் பார்க்கல. ஒரு உணவில் அது இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க, ஸ்கர்வி வர்ற விலங்குகளுக்கு அந்த உணவைக் குடுத்துக் காத்திருப்பதுதான் அன்றைய வழி.

அந்த 1924-ல் சுஜிமுராவும் சக ஆய்வாளர் மியூராவும் க்ரீன் டீயில் வைட்டமின் சி இருக்குன்னு காட்டி, கட்டுரை வெளியிட்டார்கள். அந்தச் செய்தி ஜப்பானோட நிக்கல. வட அமெரிக்காவுக்குப் போற க்ரீன் டீ ஏற்றுமதி கூடுவதற்கு அது ஒரு காரணமாச்சு. லேப்ல எழுதின சில பக்கம் கப்பல்ல ஏறுற சரக்கோட கணக்கை மாத்துதுன்னா, ஹார்பர் வாசல்ல கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்தே வளர்ந்த உங்களுக்கு அதோட அர்த்தம் நான் சொல்லத் தேவையில்ல.

சரி, க்ரீன் டீயில இருக்கிற வைட்டமின் சி நம்ம டீக்கடை டஸ்ட்ல ஏன் கிட்டத்தட்ட இல்ல? இலையைப் பறிச்ச உடனே ஜப்பான்ல அதை நீராவியில் காட்டுறாங்க. சென்சா வகைக்கு அரை நிமிஷத்துலேருந்து ரெண்டு நிமிஷம் வரை. அந்தச் சூட்டில் இலைக்குள்ள இருக்கிற என்சைம் செயலிழந்துடும். ஆப்பிளை வெட்டி வச்சா பழுப்பாகுதே, அதே வகை என்சைம்தான். அது செத்துட்டா இலை பச்சையாவே காயும், வைட்டமின் சியும் ஓரளவு தங்கும். நம்ம பக்கத்து டீயில் இலையை வாட்டி, நசுக்கி, அந்த என்சைமை முழு வேலை செய்ய விடுறாங்க. கறுப்பு நிறமும் அந்த வாசனையும் வர்றது அதனாலதான். ஆனா வைட்டமின் சி போயிடும்.

ஒரு உண்மையையும் சேர்த்தே சொல்லிடறேன். 100 மில்லி சென்சாவில் வைட்டமின் சி சுமார் 6 மில்லிகிராம்தான். தள்ளுவண்டியில விக்கிற ஒரு கொய்யாக்காய் அதைவிடப் பல மடங்கு குடுக்கும். சுஜிமுரா கண்டுபிடிச்சது இலையில இருக்கிற ஒரு பொருளை. தொப்பை குறையும்னு அவர் எங்கேயும் ஆராயல. டப்பா மேல இருக்கிற வாக்குறுதிகளை அவர் கணக்குல எழுதாதீங்க.

துவர்ப்புக்குள்ள என்ன இருக்கு

அடுத்து வந்ததுதான் அவரோட பெரிய வேலை. டீயின் கசப்பும் துவர்ப்பும் எந்தப் பொருளால் வருது?

ஆங்கில மீடியத்துல படிச்ச நமக்கு இந்த ரெண்டையும் சேர்த்து பிட்டர்னு சொல்லிப் பழக்கம். ஆனா நம்ம பாட்டிங்க அறுசுவைன்னு சொல்லும்போது கசப்பு தனி, துவர்ப்பு தனி. பாகற்காய் கசப்பு. வாழைப்பூ, மாதுளைத் தோல் துவர்ப்பு. நாக்கு வறண்டு இழுக்கிற மாதிரி இருக்குமே, அது. எச்சில்ல இருக்கிற புரதத்தோட டானின் வகைப் பொருட்கள் ஒட்டிக்கிறதால வர்ற உணர்ச்சி. ஆவாரம்பட்டையை வச்சு நம்ம ஊர்ல தோல் பதனிட்டதும் இதே தத்துவம்தான். அங்கே டானின் தோலோட புரதத்தைப் பிடிச்சுக்குது. டீயில பால் ஊத்தினா துவர்ப்பு குறையறதும் இப்படித்தான்: உங்க எச்சிலுக்குப் பதிலா பாலோட புரதம் அதைப் பிடிச்சு வச்சுக்குது. மாஸ்டர் இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கல, கையில தெரிஞ்சு வச்சிருக்கார்.

டீயைக் கொதிக்க வச்சா தண்ணியில இறங்குறது ஒரு பொருள் இல்ல, நூற்றுக்கணக்கான பொருட்கள். அதுலேருந்து ஒண்ணே ஒண்ணை மட்டும் தனியா, சுத்தமான படிகமா எடுக்கணும். இன்னைக்கு நம்ம லேப்ல இருக்கிற மாதிரி எச்பிஎல்சி கிடையாது, ஸ்பெக்ட்ரோமீட்டர்ல சாம்பிளை வச்சுட்டு பட்டனைத் தட்டுறதும் கிடையாது. கரைக்கணும், வடிக்கணும், வேற கரைப்பான்ல திரும்பக் கரைக்கணும், காத்திருக்கணும். கெட்டுப்போனா முதல்லேருந்து. அதுவும் டீயோட இந்தப் பொருட்கள் காற்று பட்டாலே நிறம் மாறக்கூடியவை.

1929-ல் அவர் க்ரீன் டீயிலிருந்து கேட்டசினைப் பிரித்தெடுத்தார். அந்தப் பெயரும் நமக்கு அந்நியம் இல்ல. வெத்தலை பாக்கோட போடுற காசுக்கட்டியை ஆங்கிலத்தில் கேட்டச்சுன்னு சொல்வாங்க. அதில் முதலில் கிடைத்ததால்தான் அந்தக் குடும்பத்துக்கே கேட்டசின்னு பெயர். அடுத்த வருஷம், 1930-ல், டீயின் டானினைப் படிக வடிவில் எடுத்தார். 1934-ல் கேலோகேட்டசின் என்ற இன்னொரு பொருள். 1935-ல், தாவரங்களிலிருந்து வைட்டமின் சி படிகத்தைப் பிரிக்கிற முறைக்குக் காப்புரிமை.

நடுவில் 1932-ல் இன்னொண்ணு நடந்தது. க்ரீன் டீயின் வேதிப்பொருட்கள் பற்றிய ஆய்வேட்டுக்காக டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. வேளாண்மைத் துறையில் முனைவர் ஆன முதல் ஜப்பானியப் பெண் அவர்தான். சம்பளமில்லாத உதவியாளரா ஹொக்கைடோவுக்குப் போனதுக்கும் இதுக்கும் நடுவுல 12 வருஷம்.

படம்னா இங்கே முடிச்சிடுவாங்க. வாழ்க்கையில அப்படி இல்ல. பட்டம் வாங்கியும் ரிக்கெனில் அவர் இளநிலை ஆய்வாளர் ஆனது 1942-ல். முழு ஆய்வாளர் ஆனது 1947-ல். கணக்குப் போட்டுப் பாருங்க. 1923-ல் உள்ளே போனவருக்கு முதல் படி ஏற 19 வருஷம், அடுத்த படிக்கு இன்னும் 5. அதுக்குள்ள அவரோட மிகப் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் முடிஞ்சே போச்சு. பிளேஸ்மென்ட் சீசன்ல ஒரு கம்பெனி ரிஜெக்ட் பண்ணா ஒரு வாரம் சாப்பாடு இறங்காத நமக்கு, இந்தக் கணக்கு ஆறுதலா இல்ல கோபமான்னு எனக்கே தெரியல. கோபப்படுறதுதான் நியாயம்னு தோணுது. அவ்வளவு பொறுமை ஒருத்தர்கிட்ட இருந்ததுக்காக, அவ்வளவு காத்திருக்க வச்சது சரின்னு ஆகிடாது.

அவர் கணக்கை வச்சு ஒரு கப்

இப்போ கிச்சனுக்கு வாங்க. கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு இது மாஸ் டிரான்ஸ்ஃபர் பாடத்துல வர்ற லீச்சிங். மத்தவங்களுக்கு டீ போடுறது.

டீ இலையில நாக்குக்குத் தெரியற பொருட்கள் முக்கியமா மூணு. கேட்டசின்: கசப்பும் துவர்ப்பும். கஃபீன்: கசப்பும் விழிப்பும். மூணாவது தியானின். இதை 1949-ல் சகாதோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் க்யோகுரோ டீயில் கண்டுபிடித்தார். இது அமினோ அமிலம். கப்புல வர்ற மெல்லிய இனிப்புக்கும், தக்காளி ரசத்துல தெரியுமே அந்த உமாமி ருசிக்கும் இது ஒரு காரணம். தியானின் சூடு கம்மியான தண்ணியிலயும் சுலபமா இறங்கிடும். கேட்டசினுக்குச் சூடு வேணும். கொதிக்கிற தண்ணியை ஊத்தினா கேட்டசின் மொத்தமா இறங்கி தியானினை அமுக்கிடும். உங்க கப்பு வேப்பங்கொழுந்து ஆனதோட காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான். சூடு.

வாங்கும்போது பார்க்க வேண்டியது. பிரீமியம்ங்கிற வார்த்தையை மட்டும் நம்பாதீங்க. எந்த ஊர்ல விளைஞ்சது, எந்தப் பறிப்பு, எப்போ பேக் ஆச்சுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஷிஸுவோக்கா, ககோஷிமா, உஜி, யாமே எல்லாம் பேர்போன ஊர்கள். வசந்த காலத்துல, ஏப்ரல் கடைசி, மே வாக்கில் பறிக்கிற முதல் பறிப்பில் தியானின் அதிகம். ஜூனுக்கு மேல பறிக்கிறதில் வெயில் பட்டு கேட்டசின் கூடும், விலை குறையும். க்யோகுரோவுக்குப் பறிக்கிறதுக்கு முன்னாடி சுமார் மூணு வாரம் செடிக்கு நிழல் கட்டுறாங்க. வெயில் குறைஞ்சா தியானின் கேட்டசினா மாறுறதும் குறையும். அதனால விலையும் அதிகம், கஃபீனும் அதிகம்.

நல்ல சென்சா இலை அடர் பச்சையா, ஊசி மாதிரி சுருண்டு, லேசா பளபளன்னு இருக்கும். மஞ்சளோ பழுப்போ அடிச்சா பழசு. ஃபுகாமுஷின்னு போட்டிருந்தா அதிக நேரம் ஆவியில் காட்டினது. அதுல இலை பொடிஞ்சுதான் இருக்கும், அது குறை இல்ல. முதல் தடவைன்னா சின்ன பாக்கெட் வாங்குங்க. நம்ம கடற்கரைக் காத்துல அப்பளமே ரெண்டு நாள்ல நமுத்துப்போகுது, டீ இலை எம்மாத்திரம்? வெளிச்சம் படாத, காத்து புகாத டப்பாவில் வச்சு, பிரிச்ச ஒரு மாசத்துக்குள்ள முடிச்சிடுங்க. மசாலா டப்பா பக்கத்துல வைக்காதீங்க, வாசனையை இழுத்துக்கும்.

போடுற முறை. 5 கிராம் சென்சா, அதாவது சுமார் ரெண்டு டீஸ்பூன். தண்ணி 200 மில்லி. சூடு 70-லேருந்து 80 டிகிரி. நேரம் ஒரு நிமிஷம். தெர்மாமீட்டர் இல்லையா? வீட்ல டபரா செட் இருக்கில்ல. கொதிச்ச தண்ணியை டம்ளர்லேருந்து டபராவுக்கு ஒரு தடவை மாத்தினா சுமார் 10 டிகிரி இறங்கும். ரெண்டு, மூணு தடவை மாத்துங்க, கணக்கு சரியா வரும். இலையை ஒரு சின்னப் பாத்திரத்துல போட்டு, தண்ணியை ஊத்தி, மூடி, அசைக்காம விடுங்க. கரண்டியால கலக்காதீங்க, இலையைப் பிழியாதீங்க. ஒரு நிமிஷத்துல பொடி வடிகட்டியில கடைசிச் சொட்டு வரைக்கும் வடிச்சிடுங்க. தண்ணி தேங்கினா அடுத்த கப்பு கசக்கும்.

அதே இலையில இன்னும் ரெண்டு தடவை போடலாம். இரண்டாவது தடவை கொஞ்சம் கூடுதல் சூடு, அரை நிமிஷத்துக்கும் கம்மியா. முதல் கப்பு இனிப்பு, இரண்டாவது துவர்ப்பு, மூணாவது லேசு. ஒரே இலையில் எது முதல்ல இறங்குது, எது பின்னாடி இறங்குதுன்னு நாக்குலயே தெரிஞ்சுக்கலாம்.

க்யோகுரோன்னா இன்னும் சூடு கம்மி: 50, 60 டிகிரி, தண்ணியும் கம்மி, ரெண்டு நிமிஷம். வறுத்த ஹோஜிச்சாவும், பொரியரிசி வாசம் அடிக்கிற கென்மைச்சாவும் கொதிக்கிற தண்ணியைத் தாங்கும், அரை நிமிஷம் போதும். பட்ஜெட் கம்மின்னா இந்த ரெண்டுலேருந்து ஆரம்பிங்க, நம்ம நாக்குக்கும் சட்டுனு பிடிக்கும். மே மாச வெயில்லன்னா அடுப்பே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணியில 10 கிராம் சென்சா போட்டு ஃப்ரிட்ஜில நாலஞ்சு மணி நேரம் வச்சா போதும். குளிர்ல கேட்டசினும் கஃபீனும் கம்மியாத்தான் இறங்கும். ரத்தச் சோகை இருக்கிறவங்க மட்டும் சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்காதீங்க. டானின் இரும்புச்சத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

டீக்கான தண்ணி

தண்ணியைப் பத்திப் பேசாம இந்தப் பக்கத்துல எதையும் பேச முடியாது. ஜப்பான்ல பெரும்பாலும் மென்மையான தண்ணி, கால்சியம் கம்மி. நம்ம போர் தண்ணியில கதையே வேற. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினதுல கடல் நீர் உள்ளே ஏறி பல வருஷம் ஆச்சு. காட்டுப்பள்ளியில கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற பிளான்ட் 2010-ல் ஓடத் தொடங்கியது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன். அப்பவும் பல வீட்ல குடிக்கிறது கேன் தண்ணிதான்.

கடினத் தண்ணியில போட்டா கால்சியம் டீயோட பொருட்களைப் பிடிச்சுக்கும். மேல ஒரு ஏடு மாதிரி மிதக்கும், நிறம் மங்கும், ருசி செத்துடும். பால் டீயில இது பெருசா தெரியாது. சென்சாவுல உடனே தெரியும். அதனால க்ரீன் டீக்கு ஆர்ஓ தண்ணியோ கேன் தண்ணியோதான் சரி. பணம் குடுத்து வாங்குற தண்ணியில போட்டாத்தான் பணம் குடுத்து வாங்கின டீ ருசிக்கும்ங்கிறது நம்ம ஊரோட நிலைமை. நல்ல தண்ணி குழாயில வர்ற வீட்டுக்கு இது டீ டிப்ஸ், வராத வீட்டுக்கு இன்னொரு செலவு.

இதுல ஒரு பொருத்தம் இருக்கு. 1949-ல் சுஜிமுரா படிச்ச அந்தப் பழைய பெண்கள் கல்லூரி, பல்கலைக்கழகமா வளர்ந்தது. பெயர் ஒச்சனோமிசு. அந்தப் பெயருக்கு அர்த்தமே டீக்கான தண்ணிதான். கல்லூரி முதலில் இருந்த பகுதியில் ஒரு ஊற்று இருந்ததாம். ஷோகனுக்கு டீ போட அங்கிருந்துதான் தண்ணி போகுமாம். பகுதிக்கு அந்தப் பெயர், பல்கலைக்கழகத்துக்கும் அதே பெயர். டீ இலைக்குள்ள என்ன இருக்குன்னு வாழ்நாள் முழுக்கத் தேடினவர், 60 வயசுல அங்கே பேராசிரியர் ஆனார். ஹொக்கைடோவில் மாணவியாகக்கூட எடுத்துக்கொள்ளப்படாத ஒருத்தர், பெண்கள் படிக்கிற பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார்.

1950-ல் மனையியல் புலத்தின் முதல் தலைவரானார். 1955-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்கு அப்புறமும் 1961 வரை பகுதி நேரமாக வகுப்பு எடுத்தார். 1956-ல் க்ரீன் டீ ஆய்வுக்காக ஜப்பானின் வேளாண் அறிவியல் பரிசு கிடைத்தது. 1968-ல் அரசு விருதும் வந்தது. 1969 ஜூன் 1 அன்று, 80 வயசில், தொயோஹாஷி நகரில் காலமானார்.

அவர் பிரிச்செடுத்த கேட்டசின் குடும்பம் இன்னைக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இருக்கு. எந்த லேப்ல யார் டீயைப் பத்தி ஆராய்ஞ்சாலும் அவர் ஆரம்பிச்ச பட்டியல்லேருந்துதான் ஆரம்பிக்கணும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் எழுதப்பட்டது, அவருக்கு ஒரு சரியான பதவிகூட இல்லாத வருஷங்கள்ல.

அதனால ஷெல்ஃபுல இருக்கிற அந்த டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க. பை டீயா இருந்தாலும் பரவாயில்ல. கேன் தண்ணியைக் கொதிக்க வச்சு, டபராவுல ரெண்டு தடவை மாத்தி, ஒரு நிமிஷம் மட்டும் வச்சுக் குடிச்சுப் பாருங்க. பிடிச்சா அடுத்தது லூஸ் சென்சா. பிடிக்கலைன்னா மாஸ்டர் எப்படியும் பாய்லர் பக்கத்துல நிப்பார், ஸ்ட்ராங்கா ஒண்ணு சொல்லுங்க. அதுல இருக்கிற துவர்ப்போட கணக்கும் அதே டீச்சர் ஆரம்பிச்சதுதான்.